மொரீஷியஸிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பள்ளி இறுதிப் பரீட்சையான ஹெச்.எஸ்.சி. எழுதும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்காகப் பணம் சேர்க்கும் பெற்றோருக்கும். நம் பரீட்சையும் பிரிட்டனின் பரீட்சையும் ஒரே குடும்பம் என்பதால் பிரிட்டனைப் பற்றித்தான் இங்கே அதிகம். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, கனடா, அமெரிக்கா பின்னால் வருகின்றன. தொகைகள் 2025 இறுதியில் இருந்தவை. ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடும், அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.எஸ்.சி.க்கு பிரிட்டனில் என்ன மதிப்பு?

மூன்று பிரின்சிபல் (முதன்மைப்) பாடங்களும் மூன்று ஏ லெவல்கள், அதாவது பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வுகள். சப்சிடியரி (துணைப்) பாடம் ஏஎஸ் லெவல், அதற்கு ஒரு படி கீழே. ஒரு பல்கலைக்கழகம் "ஏ, பி, பி வேண்டும்" என்றால் பிரின்சிபல் மூன்றையும்தான் சொல்கிறது. சப்சிடியரியில் வாங்கிய 'ஏ'யைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. புள்ளிக் கணக்கு கேட்கும் இடங்களில் பிரின்சிபல் ஏ ஸ்டாருக்கு 56, ஏ 48, பி 40, சி 32, டி 24, இ 16. சப்சிடியரி ஏ 20, பி 16, சி 12.

புள்ளி கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் அந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்று பாருங்கள். கணிதம் பிரின்சிபலாக இல்லாமல் பொறியியலுக்கு விண்ணப்பித்து ஐந்து இடத்திலும் 'இல்லை' வாங்குவது புதிதல்ல. பாடத் தேர்வு லோவர் சிக்ஸ் (ஹெச்.எஸ்.சி.யின் முதல் ஆண்டு) தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கேள்வியை அப்போதே கேட்க வேண்டும்.

தமிழைப் பிரின்சிபல் பாடமாக எடுத்திருக்கிறேன். அதைக் கணக்கில் எடுப்பார்களா?

ஏ லெவல் தமிழுக்கு மற்ற ஏ லெவலுக்கு உள்ள அதே புள்ளிதான். சிக்கல் வேறு இடத்தில்: சில பல்கலைக்கழகங்கள் தாய்மொழியில் எழுதிய ஏ லெவலை மூன்றில் ஒன்றாக ஏற்பதில்லை. பெயரைப் பார்த்தே தமிழ்தான் தாய்மொழி என்று முடிவு கட்டிவிடுவார்கள். வீட்டில் கிரியோல் பேசி, ஆரம்பப் பள்ளியிலிருந்து ஒரு பாடமாகத் தமிழ் படித்த பிள்ளையின் நிலை லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கைப் பிரிவுக்கு மூன்று வரியில் மின்னஞ்சல் போடுங்கள்: வீட்டுமொழி எது, தமிழை எந்த வகுப்பிலிருந்து பாடமாகப் படித்தீர்கள், இதை மூன்றாவது பாடமாக ஏற்பீர்களா. பதிலைச் சேமித்து வையுங்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் மற்ற இரண்டும் அவர்கள் கேட்கும் பாடங்களாக இருந்தால்தான் இந்தக் கேள்விக்கே அர்த்தம்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இளநிலைப் படிப்புக்கு, பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக. அப்பர் சிக்ஸ் ஆண்டின் செப்டம்பரில் படிவத்தை அனுப்பலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், எல்லா இடத்து மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கடைசி. மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி. 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. ஐந்து தேர்வுகள் வரை, மருத்துவம் என்றால் அதில் நான்குதான் மருத்துவமாக இருக்கலாம்.

அக்டோபர், நவம்பரில் பரீட்சை, காவடித் திருவிழா சமயத்தை ஒட்டி ரிசல்ட் என்ற நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு ரிசல்ட் ஆகஸ்டில்தான். உங்களுடையது பிப்ரவரியிலேயே கையில் இருக்கும். நிபந்தனையோடு வந்த இடம் ரிசல்ட்டை அனுப்பியதும் உறுதியாகிவிடும். விசா, விடுதி, பணம் மூன்றுக்கும் ஆறு மாதம் மிச்சம். அந்த ஆறு மாதத்தையும் சும்மா விட்டுவிட்டு ஆகஸ்டில் ஓடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படிவம் அனுப்பும்போது ரிசல்ட் இருக்காது என்பதால் பள்ளி எதிர்பார்ப்பு மதிப்பெண் தர வேண்டும், பரிந்துரைக் குறிப்பும் எழுத வேண்டும். ரெக்டரிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவையுங்கள். பரீட்சை நேரத்தில் எந்த ஆசிரியருக்கும் இதற்கு நேரமிருக்காது. சுயகுறிப்பு 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக வருகிறது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 350.

முதுநிலைக்கு யூகாஸ் பெரும்பாலும் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்கு நேரே விண்ணப்பம்.

ஐஇஎல்டிஎஸ் எழுதியே ஆக வேண்டுமா?

இந்த ஆங்கிலத் தேர்வு பல பேருக்கு வேண்டாம். பட்டப்படிப்பு என்றால் ஆங்கிலத் தகுதியைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டு, விசாவுக்காகத் தரும் சேர்க்கை எண்ணில் குறித்துவிடலாம். எஸ்.சி. (ஹெச்.எஸ்.சி.க்கு முந்தைய பரீட்சை) ஆங்கிலத்தில் கிரெடிட், அதாவது 6 அல்லது அதைவிட நல்ல (குறைந்த) எண், பல இடங்களில் போதும். சட்டம், மருத்துவம் போன்றவற்றுக்கு இன்னும் உயர்வாகக் கேட்பார்கள்.

இரண்டு பள்ளங்கள். மொரீஷியஸ், பிரிட்டன் அரசின் 'ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசும் நாடுகள்' பட்டியலில் இல்லை. பள்ளியில் ஆங்கில வழியில் படித்தோம் என்பது மட்டும் விசாவுக்கு ஆதாரம் ஆகாது. இரண்டாவது, பட்டப்படிப்புக்குக் கீழே உள்ள பவுண்டேஷன் படிப்பு என்றால் அரசு அங்கீகரித்த தேர்வுதான் செல்லும். அப்படி ஒன்று 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ'. கேள்வித்தாள் சாதாரண ஐஇஎல்டிஎஸ் மாதிரியேதான் இருக்கும். பதிவு செய்யும்போது தவறான பெட்டியில் டிக் போட்டால் பணமும் மாதமும் போகும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

கல்விக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 15,000 முதல் 30,000 பவுண்டு. மருத்துவம் அதற்கும் மேலே. ஸ்காட்லாந்தில் இளநிலை 4 ஆண்டு என்பதை மறந்துவிட்டு ஆண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

விசாக் கட்டணம் 524 பவுண்டு. அதோடு உடல்நலக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776. இது படிப்புக் காலத்துக்கு மட்டும் அல்ல, விசாக் காலம் முழுவதற்கும். மூன்று ஆண்டுப் படிப்புக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் நான்கு மாதம் சேர்த்து விசா கொடுப்பார்கள். அந்த உதிரி மாதங்கள் அரை ஆண்டாகக் கணக்காகும். ஆக மூன்றரை ஆண்டுக்கு 2,716 பவுண்டு. ஓராண்டு முதுநிலைக்கு 1,164. முழுத் தொகையையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும், தவணை கிடையாது. பவுண்டுக்கு 60 ரூபாய் என்று வைத்தால், இளநிலைக்கு விசாவும் இதுவும் சேர்ந்தே 194,400 ரூபாய். கட்டணத்தையும் விமான டிக்கெட்டையும் மட்டும் கணக்குப் போட்ட குடும்பங்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்? 28 நாள் என்கிறார்களே, அது என்ன?

முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாக்கி, அதோடு 9 மாதச் செலவு. 2025 நவம்பரிலிருந்து லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்கு லண்டன் 13,761, வெளியே 10,539.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். லண்டனுக்கு வெளியே 18,000 பவுண்டு கட்டணம். முன்பணம் 5,000 கட்டியாகிவிட்டது. பாக்கி 13,000, செலவு 10,539, மொத்தம் 23,539 பவுண்டு. 60 ரூபாய் வீதம் 1.4 மில்லியன் ரூபாய்க்குச் சற்று மேல். பல்கலைக்கழக விடுதிக்குக் கட்டிய பணம் இருந்தால் அதையும் கழிக்கலாம், ஆனால் 1,529க்கு மேல் கழியாது.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள், ஒரு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். 28வது நாளிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். வழக்கமாக நடப்பது இதுதான்: 20வது நாளில் வீட்டுக் கடன் தவணை தானாகக் கழிகிறது, யாரும் கவனிப்பதில்லை. அதனால் இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்து அதில் எந்தத் தானியங்கிக் கழிவும் வைக்காதீர்கள். இன்னொன்று, ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது நம் வங்கி விகிதத்தில் அல்ல. ஓவாண்டா என்ற நாணய மாற்று இணையதளத்தின், விண்ணப்பிக்கும் நாள் விகிதத்தில். ரூபாய் கொஞ்சம் சரிந்தாலும் தொகை போதாமல் போகும். ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள்.

இடையில் எடுக்க முடியாத நிரந்தர வைப்பு, பங்குகள், ஓய்வூதியக் கணக்கு, ஓவர்டிராஃப்ட் எதுவும் செல்லாது.

மொரீஷியஸ்காரர்களுக்கு வங்கித் தாள் கேட்பதில்லை என்று கேள்விப்பட்டோம்.

பாதி உண்மை. குறைந்த ஆவணம் கேட்கும் நாடுகளின் பட்டியலில் மொரீஷியஸ் இருக்கிறது; விண்ணப்பத்தோடு வங்கித் தாளை இணைக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் இருந்தாக வேண்டும் என்ற விதி உங்களுக்கும் அதேதான். எந்த விண்ணப்பத்திலும் "அனுப்புங்கள்" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கேட்ட பிறகு 28 நாளை உருவாக்க முடியாது. தாளை எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் 'அனுப்பு' பொத்தானை அழுத்த வேண்டும்.

மாமா பணம் தருகிறார். அவர் கணக்கைக் காட்டலாமா?

முடியாது. பிள்ளையின் கணக்கு, பெற்றோர் கணக்கு, சட்டப்படியான காப்பாளர் கணக்கு இவைதான். மாமா, சித்தப்பா, அண்ணன், பிரான்சில் இருக்கும் அத்தை யார் கணக்கும் செல்லாது. அவர்கள் தரும் பணத்தை அப்பா அல்லது அம்மா கணக்குக்கு மாற்றி, அன்றிலிருந்து 28 நாள் எண்ணுங்கள். பெற்றோர் கணக்கு என்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றும், "இந்தப் பணத்தை இவர் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்று உறவைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும்.

கடனிலும் ஒரு நுணுக்கம். வங்கி பிள்ளையின் பெயரில் தரும் கல்விக் கடன் என்றால் வங்கியின் கடிதமே ஆதாரம். அப்பா வீட்டை ஈடு வைத்துத் தன் பெயரில் எடுத்தது கல்விக் கடன் ஆகாது. அது கணக்கில் வந்து விழுந்த சாதாரணப் பணம், 28 நாள் விதிக்கு உட்பட்டது.

கட்டணத்தை எப்படி அனுப்புவது?

வங்கியில் அந்நியச் செலாவணி அன்றே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே சேர்க்கைக் கடிதத்தோடும் கட்டண விவரத்தோடும் போங்கள். படிவத்தில் 'இடைவங்கிக் கட்டணம் யார் ஏற்பது' என்று ஒரு பெட்டி இருக்கும். 'அனுப்புபவரே' என்று குறியுங்கள். பகிர்வு என்று விட்டால் வழியில் இருக்கும் வங்கி 15, 20 பவுண்டு எடுத்துக்கொள்ளும். 5,000 போக வேண்டிய இடத்தில் 4,982 போய்ச் சேரும். முன்பணம் முழுமையாகவில்லை என்று சேர்க்கை எண் நின்றுவிடும். மாணவர் எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுத மறந்தால் பணம் போய்ச் சேர்ந்தும் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. பரவாயில்லையா?

நம் வீடுகளில் இது சகஜம். பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதுநர் எழுதிவைத்த பெயர் தாத்தாவுக்கு ஒரு விதம், அப்பாவுக்கு ஒரு விதம். முருகன் என்ற பெயரில் ஒரு தாளில் இரண்டு 'ஓ', இன்னொன்றில் 'யூ'. கடைசி எழுத்து ஒன்று கூடிக் குறைந்திருக்கும். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பாஸ்போர்ட், எஸ்.சி., ஹெச்.எஸ்.சி. சான்றிதழ் ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பரீட்சைக்குப் பதிவு செய்யும்போது பள்ளி தரும் பட்டியலிலேயே திருத்தினால் ஐந்து நிமிட வேலை. சான்றிதழ் அச்சான பிறகு மாதக்கணக்கு.

விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். திருத்த நேரமில்லை என்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியப்பிரமாணம் செய்து சேர்த்து அனுப்புங்கள். பிரெஞ்சில் இருக்கும் எந்தத் தாளுக்கும் சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

விசா படிகள் என்ன வரிசையில்?

முன்பணம், பிறகு பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை எண். இதைக் 'காஸ்' என்பார்கள். கடிதம் என்றாலும் உண்மையில் அது ஓர் எண்தான். அதில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கட்டிய பணம் சரியா என்று பார்த்துவிட்டே மேலே போக வேண்டும். பின் இணையப் படிவம், கட்டணங்கள், கைரேகை. படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில். இப்போது விசா மின்வடிவில்; இணையக் கணக்கில் பாஸ்போர்ட்டை இணைத்திருக்க வேண்டும், பாஸ்போர்ட் புதுப்பித்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். நம்மவர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகலாம் என்பதால் அப்படிப் போய் அங்கேயே மாணவர் விசாவுக்கு மாறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மாற முடியாது.

பொறியியல், சில அறிவியல் துறைகளில் முதுநிலை என்றால் 'அடாஸ்' என்ற முன் அனுமதி தனியாக வேண்டும். அது தாமதமாகக்கூடியது, சேர்க்கை உறுதியானதும் அன்றே விண்ணப்பியுங்கள்.

படிக்கும்போது வேலை செய்யலாமா?

பட்டப்படிப்பு மாணவர் பாட காலத்தில் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். சராசரி கிடையாது: ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15 என்றால் விதிமீறல். சுயதொழிலும் கூடாது. விடுதி அடுப்பில் டால் பூரி சுட்டு நண்பர்களுக்குக் காசுக்கு விற்பது, இணையத்தில் டியூஷன் எடுத்துச் சொந்தமாகப் பணம் வாங்குவது இரண்டுமே அதில் அடங்கும். படித்து முடித்தபின் வேலை தேட 2 ஆண்டு விசா உண்டு; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். முனைவர் பட்டத்துக்கு 3 ஆண்டு.

இங்கே இளநிலை இலவசமாக இருக்கும்போது ஏன் போக வேண்டும்?

2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் விரும்பும் துறை அங்கே இருந்து, சேர்க்கையும் கிடைத்தால், இளநிலையை இங்கே முடித்து முதுநிலைக்கு ஓராண்டு வெளியே போவது பெரும்பாலான குடும்பங்களுக்குப் புத்திசாலித்தனமான வழி. மூன்று ஆண்டுச் செலவு ஓராண்டாகிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையும் ஓராண்டு முதுநிலைக்குத்தான். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு ஆண்டு நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

இடைவழியும் உண்டு. லண்டனின் மிடில்செக்ஸ், பெர்த்தின் கர்டின் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இங்கேயே வளாகம் இருக்கிறது. முதல் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு இங்கே படித்து லண்டனுக்கோ பெர்த்துக்கோ மாறிக்கொள்ளலாம். மாறும்போது விசா விதிகள் எல்லாம் புது மாணவருக்கு உள்ளபடியே.

ஆஸ்திரேலியா?

பெர்த்துக்கு நேர் விமானம், மெல்போர்னில் நம்மவர் பலர். ஆனால் காலண்டர் ஒத்துவராது. முதல் பருவம் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில். ரிசல்ட் வந்த கையோடு விசா எடுக்க நேரம் போதாது. ஜூலைச் சேர்க்கையைக் குறிவையுங்கள். விசாக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர். வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும், கட்டணமும் பயணமும் தனி. தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு. 'உண்மையான மாணவர்தானா' என்று கேட்கும் கேள்விகள் படிவத்திலேயே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 150 சொல்தான். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பதில் நன்றாகத் தெரியும். "உலகத் தரமான கல்வி" என்று எழுதாமல், எந்தப் பாடத்துக்காக அந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். வேலை இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்.

தென்னாப்பிரிக்கா மலிவா?

நம்மவர் அதிகம் யோசிக்காத இடம், யோசிக்கலாம். இரண்டு நாடும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் உறுப்பினர்கள். 1997ஆம் ஆண்டின் கல்வி ஒப்பந்தப்படி சாடெக் மாணவர்களை உள்நாட்டு மாணவர்போலவே கட்டணத்தில் நடத்த வேண்டும். நடைமுறையில் பல பல்கலைக்கழகங்கள் உள்ளூர்க் கட்டணத்தோடு வெளிநாட்டவர் வரி ஒன்றும் போடுகின்றன. ஹெச்.எஸ்.சி.க்கு மெட்ரிக் (அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) விலக்குச் சான்று வாங்க வேண்டியிருக்கும். படிப்பு விசாவுக்கு அங்கே பதிவான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே எடுக்கும் பயணக் காப்பீடு அதற்குப் பதிலாகாது. கல்வி ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது.

கனடா, அமெரிக்கா?

கனடாவில் ஒரு நபருக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும், கட்டணம் தனி. இளநிலைக்கு மாகாணத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். வேலை வாரம் 24 மணி நேரம். அமெரிக்காவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், போர்ட் லூயிஸில் நேர்காணல்.

சட்டம் அல்லது மருத்துவம் படித்துத் திரும்பினால் இங்கே தொழில் செய்ய முடியுமா?

போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் சட்டம் கலப்பு: சிவில் சட்டம் பிரெஞ்சு வழி, குற்றவியல் நடைமுறையும் பொதுச் சட்டமும் ஆங்கிலேய வழி. பிரிட்டனில் எல்.எல்.பி. முடித்தவருக்கு கோட் சிவில் (பிரெஞ்சு வழி சிவில் சட்டத் தொகுப்பு) கற்பித்திருக்க மாட்டார்கள். வந்தபின் அதைத் தனியாகப் படித்துத்தான் தொழில் தேர்வு எழுத வேண்டும். மருத்துவத்துக்கு மெடிக்கல் கவுன்சிலிடம் அந்தக் கல்லூரி பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். ஏஜென்ட் சொன்ன வாய்ச்சொல் போதாது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான்.

பெட்டியில் என்ன வைப்பது?

பிரிட்டனின் பிளக் நம் மூன்று முள் பிளக்தான், அடாப்டர் வேண்டாம், ஆஸ்திரேலியாவுக்கு வேண்டும். ரைஸ் குக்கரை விடுதி அனுமதிக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். பிரிட்டனுக்குள் இறைச்சி, பால் பொருள் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவில் உணவு எதுவாக இருந்தாலும் அட்டையில் 'ஆம்' என்று குறித்து அதிகாரியிடம் காட்ட வேண்டும். அம்மா கட்டித் தந்த காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் அச்சாரும் அதில் அடக்கம். காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். அசல் சான்றிதழ்கள் கைப்பையில்.